கொழுப்புத் திசுவும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களும்

உடற்கொழுப்பு உணவால் மட்டும் வளர்வதில்லை. கொழுப்புத் திசுவில் கொழுப்பைச் சேமிக்கும் உயிரணுக்களோடு முதிராத முன்னோடி உயிரணுக்களும், மேக்ரோபேஜ், டி-செல், ஈசினோபில் முதலிய நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் இருக்கின்றன. முன்னோடிகள் புதிய கொழுப்பு உயிரணுக்களாக முதிர்வதை இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

முதிர்ச்சிக்குப் பிபார்-காமா என்னும் புரதம் தேவை. மேக்ரோபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா அதை அடக்கிவிடும். கொழுத்த எலிகளின் கொழுப்பில் இப்பொருள் மிகுந்திருப்பதை 1993இலும், அங்கே மேக்ரோபேஜ்கள் குவிவதை 2003இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். வீங்கி மடியும் கொழுப்பு உயிரணுவைச் சுற்றி அவை மகுடம்போல் சூழ்ந்துகொள்ளும். புதியவை பிறக்காதபோது பழையவையே பருக்கும். மிஞ்சிய கொழுப்பு ஈரலுக்கும் தசைக்கும் போகும். இன்சுலின் செயலிழக்கத் தொடங்கும். ஆனால் அழற்சி முழுக்க வில்லனும் அல்ல. கொழுப்பில் அது அடக்கப்பட்ட எலிகளில் கொழுப்புத் திசு சீராக விரிவதில்லை.

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களின் தோட்டத் தமிழர்களுக்கு இதனால் வரும் நீரிழிவு வீட்டுக்கதை. தெற்காசியர்களுக்குக் கொழுப்பு உயிரணுக்கள் பருமனாக இருப்பதையும், ஒல்லியான தேகத்திலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. விடியலில் நடந்து பால்மரம் வெட்டிய தலைமுறைக்குப் பின் செம்பனை வந்தது; பலர் தோட்டத்தைவிட்டே வெளியேறினர்; அந்த நடையும் குறைந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

அந்தக் காலத் தோட்டங்களில் கொக்கிப்புழு சர்வசாதாரணம். புழு நுழைந்தால், முன்பு சொன்ன ஈசினோபில் பெருகும். குடற்புழு தொற்றிய எலிகளின் கொழுப்பில் ஈசினோபில் கூடி, சர்க்கரை கட்டுப்பட்டதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. யானைக்கால் நோய்ப்புழுத் தொற்று நீரிழிவு உள்ளவர்களிடம் குறைவாக இருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். இதைப் படித்துவிட்டு யாரும் குடற்புழு மருந்தை ஒதுக்க வேண்டாம்: கொக்கிப்புழு தந்த இரத்தசோகை நம் பாட்டிமாரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

கொழுப்பில் நடக்கும் இந்த அழற்சியைத் தோட்டப்புறக் கிளினிக்கில் அளக்க வழியில்லை. அளக்கக்கூடியது இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே மலேசிய வழிகாட்டியின் வரம்பு. அதை எட்டியவர்கள், ஒல்லியாகத் தெரிந்தாலும், இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.