கடல் கடந்தவன் காணி

நிலத்தைப் பற்றிய சட்டம் பெரும்பாலும் நிலத்தில் இருப்பவனை எண்ணியே எழுதப்படுவது. ஊரை விட்டுப் போனவனுடைய உடைமை என்னவாகும் என்னும் வினா பின்னரே எழும். யாழ்ப்பாணத்துத் தீவுகளிலோ இவ்வினா மிகப் பழையது. கல்வெட்டிலும், ஒல்லாந்தர் தொகுத்த வழமையிலும், அண்மைக் காலச் சட்டத்திலும் அதற்கு விடை தேடியிருக்கின்றனர். அவ்விடைகளை வரிசைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடக்கே லாபிஸுக்கும், தெற்கே ஆயர் ஈத்தாமுக்கும், மேற்கே பாரிட் சூலோங் வழியாக மூவாருக்கும் சாலைகள் பிரியும் யோங் பெங்கில் வாழும் நமக்குப் பயணம் என்பது வண்டியில் ஏறி இறங்கும் செயல். நெடுந்தீவு வாசிக்கு அஃது அவ்வளவு எளிதன்று. அவர் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்று புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவேண்டும். அங்கிருந்து வேலணை வழியாகத் தாம்போதிகளைக் கடந்தால்தான் யாழ்ப்பாண நகரம். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் தாம்போதியை ஊரார் வாணர் பாலம் என்பர். காற்றும் அலையும் மிகுந்த நாளில் மருந்தும் வராது, மடலும் வராது.

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. அங்கே பனையும் ஆடுமாடும் மீனும் வாழ்வுக்கு ஆதாரம். அயலார் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளிகளில் மேய்கின்றன. காணிகளின் எல்லையோ கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பவளக் கற்களைச் சாந்து இன்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்களே அவ்வெல்லைகள். உரியவன் பல்லாண்டு ஊரில் இல்லாவிடினும் மதில் நிற்கும். அவனுடைய உரிமையும் அவ்வாறு நிற்குமா?

முதல் விடை நயினாதீவில் கிடைக்கின்றது. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. கா. இந்திரபாலா 1963-இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம். அவர்களுக்குக் காவல் அளிக்கப்பெறும் என்பது அதன் முதற் செய்தி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால், நான்கில் ஒரு பங்கைப் பண்டாரம் கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும். பிற வாணிகப் பொருள் ஏற்றிய கலமாயின், செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

கலம் உடைந்ததனால் உடையவனின் உரிமை முற்றும் அழிவதில்லை என்பதே இவ்வாணையின் கருத்து. சிங்கள மன்னன் ஒருவன் இதனைத் தமிழில் பொறிப்பித்தான் என்பதும் நோக்கத்தக்கது. கரையில் இருந்தோரும் கடலில் வந்தோரும் அறியவேண்டிய மொழி அன்று தமிழாக இருந்தது.

இரண்டாம் விடை தேசவழமையில் உள்ளது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு தமிழ் முதலியார் அதனை ஆய்ந்து ஏற்றனர். ஆங்கிலேயர் 1806-இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதன்படி உடைமை மூவகைப்படும். முன்னோர் வழி வருவது முதுசம். மணக்கும் மகளுக்குக் கொடுப்பது சீதனம். மணவாழ்வின்போது ஈட்டுவது தேடியதேட்டம்.

இம்முறை பயணத்தோடு நெருங்கிய தொடர்புடையது. வீடும் காணியும் சீதனமாக மகளிடம் சென்றமையால், கணவன் கொழும்பிலே கடை வைத்தாலும் மலாயாவுக்கு வந்து இரயில்வேயிற் பணி செய்தாலும் குடும்பத்துக்கு ஊரில் ஒரு நிலைக்களம் இருந்தது. அவன் அனுப்பிய பணம் தேடியதேட்டமாகப் புதுக் காணியாயிற்று; கல்வீடாயிற்று. ஆயினும் மனைவி தன் காணியையும் கணவனின் எழுத்து இசைவின்றி விற்க இயலாது. கடலுக்கு அப்பால் உள்ளவனிடம் இசைவு பெறுவது எங்ஙனம்? இவ்விடரை 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவாறு நீக்கியது. கணவன் இருக்குமிடம் அறியப்படாதபோது, மாவட்ட நீதிமன்றம் அவ்விசைவைத் தரலாம் என அது விதித்தது.

காணியை விற்கும் முன் உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்கவேண்டும் என்பதும் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிற்பற்றின் தேவாலயத்தில் இதனை அறிவித்தனர். இம்முன்வாங்கும் உரிமையை 1947-இல் தனிச் சட்டம் வரையறுத்தது. வெளியூர் சென்றவன் பங்கை விற்க நேரினும் நிலம் உறவின் கையிலேயே தங்குவதற்கு இது வழி செய்தது. பங்காளர் அனைவரும் கூப்பிடு தூரத்தில் இருந்த காலத்தில் இம்முறை நன்கு இயங்கியது.

அக்காலம் போரினால் மறைந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20-க்கு மேற்பட்டோர், கைக்குழந்தை உட்பட, கொல்லப்பட்டனர். தீவாரின் ஒரே வழியாகிய கடலே அச்சத்துக்கு உரியதாயிற்று. 1990-க்குப் பின் தீவுகளின் மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். புங்குடுதீவாரையும் நெடுந்தீவாரையும் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் காணலாம். ஒரு காணிக்கு எட்டுப் பங்காளர் எனில் அவர்கள் நான்கு நாடுகளில் இருப்பர். பேரப்பிள்ளைகளுக்குக் காணியின் பெயரே தெரியாது.

இங்கேதான் பழைய வினா கூர்மையாக எழுகின்றது. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் நிலத்தைப் பத்தாண்டு இடையறாது எதிருரிமையோடு ஆண்டவன் அதற்கு உரியவனாகலாம். தானே விட்டுச் சென்றவனுக்கு இவ்விதி பொருந்தலாம்; துரத்தப்பட்டவனுக்கும் அது பொருந்துமா? 2016-இல் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் மூன்றாம் விடையைத் தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, போர்ச் சூழலால் தன் காணிக்குச் சென்று உரிமை கோர இயலாதவனுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்பதே அதன் சாரம். பராக்கிரமபாகுவின் ஆணையோடு இதனை ஒப்பிட்டால் அடிப்படை நீதி ஒன்றே எனத் தோன்றும். தன் பிழையின்றி உடைமையைப் பிரிந்தவன் அதனை முற்றும் இழத்தல் ஆகாது.

ஆயினும் சட்டம் உரிமையைக் காக்கலாமே ஒழிய, அதை மெய்ப்பிக்கும் சான்றைத் தேடித் தராது. சான்று உறுதிகளில் உள்ளது. நாம் கிராண்ட் என்பதை யாழ்ப்பாணத்தார் உறுதி என்பர். அதில் காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை, கிணற்றில் உள்ள பங்கு, வழி வாய்க்கால் உரிமை யாவும் எழுதப்பட்டிருக்கும். முதுசம், ஒற்றி, ஈடு, உரித்து ஆகிய சொற்களின் பொருள் அறியாதவன் தன் பாட்டனின் உறுதியைக் கையில் வைத்திருந்தும் படிக்க மாட்டான்.

மலேசியாவிலும் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுடைய பெட்டிகளில் இத்தகைய உறுதிகள் இருத்தல் கூடும். தமிழாசிரியர்கள் மாணவர்க்கு இலக்கியச் சொற்களைக் கற்பிக்கும்போது இக்காணிச் சொற்களையும் கற்பிப்பார்களாயின், அவ்வேடுகளைப் படிக்கவல்ல ஒரு தலைமுறை உருவாகும். மூத்தோர் உள்ளபோதே எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று கேட்டு எழுதி வைத்தலும் வேண்டும்.