செஞ்சிக் கோட்டையும் ஒரு டிவைடரும்



"நீதான் கோட்டை கோட்டையாச் சுத்தறவனாச்சே, ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. வேலூர், ஆலம்பரை, சதுரங்கப்பட்டினம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுற்றுவது உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் செஞ்சியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தடவை போனது 2010-இல், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது. விடியற்காலை 5 மணிக்கு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ எதிரில் வேன் ஏறினோம். குன்றத்தூர் வழியாகத் தாம்பரம் போய் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம். மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர். வழியெல்லாம் பாட்டு, கும்மாளம். போகும் இடத்தின் வரலாறு எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படம் மட்டும் ஒருவனுக்குத் தெரியும். அவன்தான் அன்றைக்குக் கைடு.

செஞ்சி என்பது ஒரு கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். ஒவ்வொன்றும் தனிக் கோட்டை. மூன்றையும் முக்கோணமாக வளைத்துப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில். திருவண்ணாமலை ரோடு அதன் நடுவிலேயே போகிறது. ராஜகிரி உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை 24 அடி அகலத்துக்குப் பிளந்து கிடக்கும். அந்தக் காலத்தில் அங்கே ஒரு மரப்பாலம் இருந்தது. அதை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

ஆனந்தக் கோன் என்பவர் 1190 வாக்கில் ராஜகிரியில் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. விஜயநகரத்தின் நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். பிறகு பீஜப்பூர் சுல்தான் கை. 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம், மகாராஷ்டிரத்தில் கால் வைக்க இடமில்லாமல் தெற்கே தப்பி வந்து செஞ்சியிலிருந்துதான் மராட்டிய ராஜ்யத்தை நடத்தினார். விடுவாரா ஔரங்கசீப்? ஜுல்பிகர் கானை அனுப்பினார். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. எட்டு வருஷம்! நடுவில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் பின்னாலிருந்து தாக்கியதில், முற்றுகை போட்டவரே வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே தப்பிப் போயிருந்தார்.

எட்டு வருஷம் எப்படித் தாங்கியது? கல்லூரி நாளில் இந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. பத்து வருஷம் தண்ணீர்த் தொட்டி, பைப்லைன் என்று வேலை பார்த்த பிறகுதான் உறைத்தது. மூன்று குன்றையும் சேர்த்து வளைக்க எதிரியிடம் போதுமான ஆள் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று தண்ணீர். ராஜகிரி உச்சியில் சுனை. அடிவாரத்தில் பாறைச் சரிவில் விழும் மழையெல்லாம் வந்து சேரும்படி செட்டிகுளம், சக்கரகுளம். உள்கோட்டையில் ஆனைக்குளம். கல்யாண மஹாலுக்குச் சுட்ட மண் குழாய் வழியே தண்ணீர் போயிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வளைவுக் கூரை போட்ட நெற்களஞ்சியம். உள்ளே நின்று பேசினால் எதிரொலிக்கும். 'தாங்கல்' என்றாலே சிறிய ஏரி என்றுதான் அர்த்தம். அந்தப் பெயர் கொண்ட ஊரில் நான்கு வருஷம் இருந்து, கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாம். செட்டிகுளம் படியில் உட்கார்ந்தபோது இது ஞாபகம் வந்தது.

தேசிங்கு ராஜா கதையை நீங்களே அறிவீர்கள். உண்மைப் பெயர் தேஜ் சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714-இல், இருபது வயதைத் தாண்டிய சமயத்தில் இறந்துபோனார். செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இருக்காது. ஊரில் கேட்டால் கோட்டையே அவருடையது என்பார்கள்!

ஜுல்பிகர் கானுக்கு எட்டு வருஷம் பிடித்த கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் பிடித்தார். 1761-இல் பாண்டிச்சேரி விழுந்தபின் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதோடு செஞ்சியின் போர்க்கதை கிட்டத்தட்ட முடிந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். இன்று நாம் பார்க்கும் இடிபாட்டில் பாதிக்கு மேல் பீரங்கி செய்ததல்ல என்பது என் கணிப்பு. வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிறதே, செஞ்சிக் கல்தூண்கள், அதன் கீழே எத்தனை தடவை போட்டோ எடுத்திருப்போம்? கல் போனது ஒரு வழி. சுண்ணாம்புப் பூச்சு இன்னொரு வழி. அந்தப் பூச்சுதான் செங்கல் சுவருக்குத் தோல். அதில் ஒரு கீறல் விழுந்தால் மழைத் தண்ணீர் இறங்கும், சுண்ணாம்பு கரையும், ஒரு அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் செய்கிற வேலையை எந்தத் தளபதியும் செய்ய முடியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் நம் கல்லூரி மாணவர்கள் சிலர் டூர் போக, துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மதியத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே ஏறி இறங்கிவிட்டோம். களஞ்சியத்தின் வெளிச்சுவர் ஓரமாக வந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் நின்றான். பூச்சில் கீறியிருந்தது: "சிவில் 2010". கீழே நம் கல்லூரியின் சுருக்கெழுத்து. சுற்றிலும் பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

"சார், இது உங்க பேட்ச் ஆளுங்கதானே?"

"எங்க பசங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கப்பா. வேற யாராவது இருக்கும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். வேனில் வரும்போது கல் தூக்கிப் போனவர்களைப் பற்றி அரை மணி நேரம் நான்தான் விளக்கம் கொடுத்தேன்.

இந்த மலர் அவன் கைக்கும் போகும். ஆமாம் தம்பி, அது எங்கள் பேட்ச்தான். மூன்று பேர் மாற்றி மாற்றிக் கீறினோம். டிவைடர் என்னுடையது. அடுத்த தடவை வேன் போகும்போது எனக்கு ஒரு இடம் வையுங்கள். அந்த மற்ற இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன்.