உவர் நிலமும் பேரீச்சங்கன்றும்

பஸ்ராவின் பேரீச்சந் தோப்புகள் கடலின் ஏற்றவற்றத்தால் வாழ்ந்தவை. வளைகுடாவில் கடல் பொங்கும்போது ஷத்துல் அரப் ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு, நாளுக்கு இருமுறை கால்வாய்கள் வழியே தோப்புகளுக்குள் ஏறும். வற்றும்போது மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும். ஏற்றமோ கபிலையோ வேண்டாத பாசனம் அது.

அந்நீர் எட்டாத நிலங்களில் உப்புப் படிந்தது. அப்பாசியர் காலத்தில் அப்படிவை அள்ளி அகற்றும் கொடும்பணி, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸன்ஜ் அடிமைகள்மீது சுமத்தப்பட்டது. கி.பி. 869இல் (ஹிஜ்ரி 255) அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 883 வரை நீடித்த அப்போரை இமாம் தபரீ விரிவாகப் பதிவுசெய்துள்ளார். மண்ணைத் திருத்துவதற்காக மனிதரைச் சிதைத்ததன் விலை அது.

உவரைக் கையாளும் அறிவும் அம்மண்ணில் வளர்ந்திருந்தது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு வஹ்ஷிய்யா அரபியில் தந்த ‘அல்ஃபிலாஹா அந்நபதிய்யா’ உவர் நிலங்களையும் எருவகைகளையும் விரிவாக ஆராய்கிறது. கனிமரங்களுள் உவரை மிகுதியும் தாங்குவது பேரீச்சை; அதன் இளங்கன்றுக்கோ அவ்வலிமை குறைவு. மக்கிய எரு மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. பாயும் நீர் உப்பை வேருக்குக் கீழே கழுவிச் செல்கிறது. வடிகாலும் நன்னீரும் இல்லையேல் எருவால் மட்டும் பயனில்லை.

மேற்புறத்து அணைகளால் ஆறு மெலிந்தபின் கடல்நீரே உள்ளே ஏறலாயிற்று. 2018இல் பஸ்ராவில் மாசும் உவரும் கலந்த நீரால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று மருத்துவமனைகளை நாடினர். அன்று உழைப்பில் மறுக்கப்பட்ட நீதி, இன்று நீர்ப்பங்கீட்டில் வேண்டப்படுகிறது.