வறண்ட ஆறும் வளர்ந்த ஊரும்

விருதுநகர் மாவட்டத்து ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். திருத்தங்கல் பக்கமாகச் செல்லும் அர்ச்சுனா நதியும் அப்படித்தான். மழைக்காலத்தில் பெருகும், மற்ற நாட்களில் மணலாகக் கிடக்கும். இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கும். இவ்வறட்சிக்கும் ஆற்றுநீரின் தூய்மைக்கும் என்ன தொடர்பு?

முற்காலத்தில் இங்கு மானாவாரி வேளாண்மையே பெரும் பிழைப்பு. கரிசலில் பருத்தியும் கம்பும் விளைந்தன. மழைநீரைக் கண்மாய்கள் தேக்கின. ஊர்கள் சிறியவை, கழிவு எருவாகி நிலத்துக்கே திரும்பியது.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். குச்சிகளை உலர்த்த இப்பகுதியின் வெயில் கைகொடுத்தது. பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றின. மழை பொய்த்த சீமையில் மக்களுக்கு வேலை கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் சிவகாசியில் 71 ஆயிரம் பேரும், திருத்தங்கலில் 55 ஆயிரம் பேரும் இருந்தனர். 2021-ல் இரண்டும் இணைந்து மாநகராட்சியாயின.

நிலத்தின் பயன் மாறினால் நீரின் போக்கும் மாறும். மண் உறிஞ்சிய மழை, இன்று கூரையிலும் சாலையிலும் வழிந்து, சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. ஓடும் நீர் கழிவின் செறிவைக் குறைக்கும். நீரில் கரைந்த ஆக்சிஜனின் துணையால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். வற்றாத தேம்ஸ் நதிக்கே இது இயலாமற்போனதுண்டு. 1801-ல் சுமார் 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1851-ல் 20 லட்சத்தைத் தாண்டியது. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்தது. அதன் பிறகே பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன. அப்படியானால் நீரில்லாத ஆறு என்ன செய்யும்? கழிவு குட்டையாகத் தேங்கி, மணல்வழியே நிலத்தடிக்கு இறங்கும்.

சில பொருள்களை நுண்ணுயிர்களும் எளிதில் சிதைப்பதில்லை. பட்டாசுக்குப் பயன்படும் பெர்குளோரேட் நீரில் நன்கு கரையும், கொதிக்கவைத்தாலும் அகலாது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை அது தடுக்கும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல் அதன் அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. இது அமெரிக்கா அந்நாளில் குடிநீருக்கு வகுத்திருந்த வழிகாட்டு அளவு.

தொழிலை நிறுத்துவது இதற்குத் தீர்வன்று. இரசாயனக் கழிவு மண்ணில் படக்கூடாது. சாக்கடை சுத்திகரிக்கப்பட வேண்டும். கண்மாய் வரத்துக்கால்கள் திறந்திருக்க வேண்டும். திருத்தங்கலுக்கு அருகே ஆனைக்குட்டத்தில் இதே நதியின் குறுக்கே அணை இருக்கிறது. விருதுநகர் மக்கள் அங்கிருந்து குடிநீர் பெறுகிறார்கள். அடுத்த முறை வறண்ட ஓடையொன்றைக் கடக்கும்போது, அதில் கொட்டுவது எதுவாயினும் யாரோ ஒருவரின் குடத்துக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.