கேத் லேபுக்கு முந்தைய நேரம்: சென்னையின் மேற்குப் புறநகரில் மாரடைப்பும் ஆஞ்சியோபிளாஸ்டியும்

சென்னையின் மேற்குப் புறநகரில் கேத் லேப் எனப்படும் இதயத் தமனிச் சிகிச்சைக் கூடங்களுக்குப் பஞ்சம் இல்லை. முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலத்தில் சவீதா. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறிப் போனால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. ஆவடிக்கும் முகப்பேருக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு, இங்கே மாரடைப்பு வந்த எவரையும் நேரே கேத் லேபுக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்துவிடலாம், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இனி வேலை இல்லை என்றே தோன்றும். அந்த முடிவு பாதிதான் சரி. ஆஞ்சியோபிளாஸ்டியின் பயனையும் ஆபத்தையும் தீர்மானிப்பவை இரண்டு கடிகாரங்கள்: வலி தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ஒன்று, இன்னும் எவ்வளவு நேரத்தில் பலூன் விரியும் என்பது மற்றொன்று. கிலோமீட்டர் கணக்கு இவ்விரண்டில் எதையும் காட்டாது.

முதலில் மேஜைமேல் நடப்பதைப் பார்ப்போம். நோயாளி விழித்தே இருக்கிறார். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தை மரத்துப்போகச் செய்து, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை ரேடியல் தமனிக்குள் நுழைக்கிறார்கள். அது கை வழியே ஏறி, தோளைச் சுற்றி, பெருந்தமனியின் அடியில் இதயத் தமனியின் வாயில் போய் நிற்கிறது. அயோடின் கலந்த டை மருந்தைச் செலுத்தியதும், எக்ஸ்-ரே திரையில் தமனி ஓரிரு நொடிகளுக்குக் கறுப்பாகக் கிளைவிட்டுத் தெரிந்து மறைகிறது. எந்தக் கிளை பாதியில் அறுந்து நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. 0.014 அங்குலக் கம்பி ஒன்றை அந்தக் கட்டியினூடே நகர்த்தி, அதன்மேல் பலூனை ஏற்றி விரித்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயைப் பதிக்கிறார்கள். ஈயக் கவசம் அணிந்த மருத்துவரின் கண் நோயாளியின் உடலில் இல்லை, திரையில் இருக்கிறது. 1977 செப்டம்பரில் ஜூரிக் நகரில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனியில் பலூனை விரித்ததிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. கருவிகள் மெலிந்தன, படம் தெளிந்தது, ஸ்டென்ட் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவே.

ஆபத்துகளும் இந்த வழியில்தான் இருக்கின்றன: குழாய் நுழைந்த இடத்தில் இரத்தக்கசிவு, தமனிச் சுவரில் கிழிசல், பக்கவாதம், டை மருந்தால் சிறுநீரகப் பாதிப்பு, கதிர்வீச்சு. இவற்றுள் முதலாவது கணிசமாகக் குறைந்திருக்கிறது. தொடை வழியையும் மணிக்கட்டு வழியையும் ஒப்பிட்ட மேட்ரிக்ஸ் ஆய்வில் (2015, 8,404 நோயாளிகள்) மணிக்கட்டு வழியில் இரத்தக்கசிவு குறைந்ததோடு, இறப்பும் 2.2 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆயிற்று. சர்க்கரை நோயும் அதையொட்டிய சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம் ஊரில் டை மருந்தின் அளவு இன்னும் கவலைக்குரியது. ஆனால் மாரடைப்பு நேரத்தில் இந்த ஆபத்துகள் எல்லாம் சேர்ந்தும், அடைப்பை அப்படியே விட்டுவிடுவதன் ஆபத்துக்கு அருகில்கூட வரமாட்டா. கேள்வி, எடுப்பதா வேண்டாமா என்பதன்று. எப்போது, எதைக் கொண்டு என்பதே.

இதில் ஒரு விடை ஏற்கெனவே தெளிவானது. கீலி, கிரைன்ஸ் முதலியோர் 2003இல் 23 ஆய்வுகளை, 7,739 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கரைக்கும் ஊசி பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றவர்களில் 7 விழுக்காட்டினரும் குறுகிய காலத்தில் இறந்திருந்தனர். பக்கவாதமும் 2லிருந்து 1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்குமானால் பலூனே மேல். ஆனால் "ஒரே நேரத்தில்" என்பது எந்த ஊரில் நடக்கிறது? ஊசி, வலி வந்தவர் முதலில் போய்ச் சேரும் சிறு மருத்துவமனையிலேயே கிடைக்கக்கூடியது. அதன் பயன் நிமிடத்துக்கு நிமிடம் தேய்கிறது: போர்ஸ்மா குழுவினரின் 1996ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் ஆயிரம் பேரில் 65 உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன, இரண்டாவது மணி நேரத்தில் அது 37, மூன்றாவதில் 26. அதனால்தான் சர்வதேச வழிகாட்டு நெறிகள், பலூன் விரிய 120 நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால் முதலில் ஊசி, பிறகு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (டை மருந்துப் படம், தேவையானால் பலூன்) என்கின்றன.

இந்த 120 நிமிடம்தான் மேற்குப் புறநகரில் ஏமாற்றுகிறது. சி.டி.எச். சாலையில் ஆவடியிலிருந்து திருமுல்லைவாயில், அம்பத்தூர், பாடி எனச் சாலைப் பயணத்தை அளந்துவிட்டு "அரை மணி" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயணம் கணக்கின் சிறு பகுதி. பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ இரவுப் பணி முடித்து வந்தவருக்கு நெஞ்சு அடைக்கிறது. "கேஸ்தான்" என்று வீட்டில் ஒரு மாத்திரை. விடியட்டும் என்று ஒரு காத்திருப்பு. பிறகு தெருமுனை நர்சிங் ஹோம், அங்கே இ.சி.ஜி. எடுக்க ஆள் வர வேண்டும். எடுத்த தாளைப் படிக்க மருத்துவர் வர வேண்டும். பின் ஆம்புலன்ஸ். பெரிய மருத்துவமனையில் மறுபடியும் ஒரு இ.சி.ஜி., காப்பீட்டு அட்டை சரிபார்ப்பு, கையெழுத்து, வீட்டிலிருந்து கேத் லேப் குழு வந்துசேர்தல். இவை ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்றாலே கணக்கு முடிந்துவிடும்.

முதல் கடிகாரம் இன்னும் மோசம். 89 மையங்களில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்த இந்தியாவின் 'கிரியேட்' ஆய்வில் (2008) வலி தொடங்கி மருத்துவமனை வந்துசேர்வதற்கான இடைநிலை நேரம் 360 நிமிடம். வந்த பிறகு ஊசி போட ஆனது 50 நிமிடம். தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனை வாசலுக்கு வெளியே கழிந்திருக்கிறது. அந்த ஆய்வில் 30 நாள் இறப்பு வசதியானவர்களிடம் 5.5 விழுக்காடாகவும் ஏழைகளிடம் 8.2 விழுக்காடாகவும் இருந்தது. சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்ததும் இந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. நோய் ஒன்றுதான், கிடைத்த சிகிச்சைதான் வேறு.

இங்கே, ஊசியை ஆதரிப்பவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீம் ஆய்வு (2013, 1,892 நோயாளிகள்) 'முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோ' என்ற முறையை உடனடி ஆஞ்சியோபிளாஸ்டியோடு ஒப்பிட்டது. இறப்பு, அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு, மீண்டும் மாரடைப்பு ஆகியவை சேர்ந்த கணக்கு 12.4க்கு 14.3 விழுக்காடு, ஏறத்தாழச் சமம். மூளைக்குள் இரத்தக்கசிவு மட்டும் ஊசி பெற்றவர்களில் அதிகம்: 1.0க்கு 0.2. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாக்கிய பிறகு அந்த வேறுபாடு சுருங்கியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்கள். ஆறு மணி நேரம் கழித்து வருபவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. கட்டி இறுகிவிட்ட பிறகு ஊசி அதைக் கரைப்பது அரிது. இரத்தக்கசிவின் ஆபத்து மட்டும் குறையாமல் நிற்கும். ஆக, முகப்பேருக்கு ஐந்து கிலோமீட்டரில் குடியிருப்பவரும் தாமதமாக வந்தால் அவருக்குப் பலூனே கதி. திருநின்றவூர்க்காரர் வலி வந்த அரை மணியில் வந்தால் அவருக்கு ஊசிதான் முதல் மருந்து. ஊருக்கு ஒரு விதி வகுப்பது பிழை. நோயாளிக்கு ஒரு விதி வேண்டும்.

இதற்கு உள்ளூர்ச் சான்றுகளே உண்டு. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2014இல் வெளியிட்ட 'ஸ்டெப்-ஏ.எம்.ஐ.' என்ற முன்னோட்ட ஆய்வில் 200 பேர்: 45 பேருக்கு ஊசி வழி, 155 பேருக்கு நேரடிப் பலூன். 30 நாளில் மோசமான விளைவுகள் முதல் குழுவில் 11.1 விழுக்காடு, இரண்டாவதில் 3.9. வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை என்பதைக் காட்டி 'இரண்டும் சமம்' என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத 45 பேரின் குழு, சமம் என்று நிறுவவும் போதாது, தாழ்வு என்று நிறுவவும் போதாது.

கனமான சான்று தமிழ்நாடு-ஸ்டெமி திட்டம். கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் முகப்பேர் இதய மருத்துவர் அஜித் முல்லாசரியும் முன்னெடுத்தது. சிறு மருத்துவமனைகளை ஆரக்கால்களாகவும் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளை அச்சாகவும் வைத்து, ஆம்புலன்ஸால் இணைத்து, ஊசியையும் ஆஞ்சியோவையும் ஒரே தொடராகச் செய்யும் ஏற்பாடு. முடிவுகள் 2017இல் ஜாமா கார்டியாலஜியில் வந்தன: நான்கு தொகுதிகள், 2,420 நோயாளிகள், சராசரி வயது 54.7. திட்டத்துக்கு முன் 35 விழுக்காட்டினருக்கு நடந்த ஆஞ்சியோ, பின் 60.8 விழுக்காட்டினருக்கு நடந்தது. ஓராண்டு இறப்பு 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்தது. கழித்துப் பார்த்தால், சுமார் முப்பது நோயாளிகளுக்கு ஓர் உயிர்.

இந்த ஆய்வின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முன்-பின் ஒப்பீடு என்பதால் இடையில் மாறிய வேறு எதுவும் இதில் கலந்திருக்கலாம். மருத்துவமனைக்குள் நிகழ்ந்த இறப்பு 5.8லிருந்து 5.6தான், அசையவில்லை என்றே கொள்ளலாம். அடைப்பு திறக்கப்படும் வரையிலான நேரமும் பெரிதாகக் குறையவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். நேரம் குறையாமலே ஓராண்டு இறப்பு குறைந்ததென்றால், பயன் வேகத்திலிருந்து வரவில்லை. ஊசி போட்டு வலி நின்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் ஆஞ்சியோவுக்குக் கொண்டுசேர்த்ததிலிருந்து வந்திருக்க வேண்டும். வேகத்தின் பயனை அந்தத் திட்டம் இன்னும் அறுவடை செய்யவேயில்லை.

இனி மற்றொரு பக்கம். மேலே சொன்னதெல்லாம் திடீர் மாரடைப்புக்கு. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரி என்ற நிலையில் இருப்பவருக்கு அதே கம்பி, அதே பலூன், அதே ஸ்டென்ட் வேறொரு பயனைத் தருகிறது. 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வில் (2020) மருந்தோடு ஆஞ்சியோ வழியையும் பெற்றவர்களில் 145 பேர் இறந்தனர். மருந்தை முதன்மையாகக் கொண்டவர்களில் 144 பேர். ஸ்டென்ட் வைத்ததுபோல் நடித்து ஒப்பிட்ட ஆர்பிட்டா ஆய்வு (2017, 200 பேர்) நடைத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அதே குழுவின் ஆர்பிட்டா-2 (2023, 301 பேர்), நெஞ்சுவலிக்கான மருந்துகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது என்று காட்டியது. வலி குறைவது சிறிய விஷயமன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நின்று வேலை செய்பவருக்கு அதுவே பிழைப்பு. ஆனால் "உடனே வைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று அவரிடம் சொல்வதற்கு, இடது முதன்மைத் தமனி அடைப்பு போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, ஆதாரம் இல்லை. இலவச முகாமில் தொடங்கி ட்ரெட்மில் சோதனை வழியே ஆஞ்சியோவில் முடியும் பாதை எனக்கு உறுத்துவது இதனால்தான். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலையை 29,600 ரூபாயாக நிர்ணயித்தது நல்ல காரியம். விலை குறைந்ததால் தேவையில்லாத ஸ்டென்ட் தேவையானதாகிவிடாது.

ஆகவே, இப்பகுதியில் ஆண்டுக்கு எத்தனை ஸ்டென்ட் வைக்கப்பட்டது என்பது எதையும் அளக்காத எண். திடீர் மாரடைப்புக்கு வைத்தவை எத்தனை, நிலையான நெஞ்சுவலிக்கு எத்தனை என்று பிரித்தாக வேண்டும். முதல் வகையில், வலி தொடங்கிய நேரம், முதல் இ.சி.ஜி. எடுத்த நேரம், ஊசி அல்லது பலூன் நேரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருவதற்கு ஆவணம் கேட்கும் அதிகாரம் உடையது. இந்த மூன்று நேரங்களையும் கேட்பது புதிய செலவில்லாத சீர்திருத்தம். ஈ.எஸ்.ஐ.க்கும் இது பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிகள் அதன்கீழ் வருகிறார்கள், அவர்கள் முதலில் நினைப்பது பக்கத்து டிஸ்பென்சரியைத்தான். அங்கே இ.சி.ஜி. எடுத்து, தாளைப் படமெடுத்து இதய மருத்துவருக்கு அனுப்ப ஒரு செவிலியரும் ஒரு செல்போனும் போதும்.

2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. இது சரியான முதல் அடி. ஆனால் மாத்திரை கட்டி மேலும் வளராமல் தடுக்கும். இருக்கும் கட்டியைக் கரைக்காது. அதற்கு டெனெக்டிப்ளேஸ் ஊசி வேண்டும். உடல் எடைக்கேற்ற அளவை ஒரே வீச்சில் சிரையில் செலுத்திவிடலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் போல அரை மணி, ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டியதில்லை. ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் இரவிலும் இதைப் போட ஏற்பாடு இருந்தால், 120 நிமிடக் கணக்கில் இழக்கும் நோயாளிகளில் பலரை மீட்கலாம்.

இதற்கு மருத்துவர்களே சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: ஊசி போட்ட பின் மூளையில் இரத்தம் கசிந்தால் அந்தச் சிறு மருத்துவமனையில் யார் பொறுப்பு? அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, போடாமல் இருப்பதன்று. போட்டவுடன் நோயாளியை அங்கே வைத்திருக்காமல் இருப்பது. ஸ்ட்ரீம் ஆய்விலேயே ஊசி பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்குக் கட்டி சரியாகக் கரையாமல் அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது. கரைந்ததா இல்லையா என்பது 90 நிமிடம் கழித்து எடுக்கும் இ.சி.ஜி.யில்தான் தெரியும். அதுவரை ஆவடியில் காத்திருந்துவிட்டுப் பிறகு வண்டி தேடினால் பயன் எல்லாம் போய்விடும். எனவே டெனெக்டிப்ளேஸ் குப்பியைத் திறக்கும்போதே 108க்கு அழைத்துவிட வேண்டும்; அந்த இரண்டாவது இ.சி.ஜி. கேத் லேப் உள்ள மருத்துவமனையில்தான் எடுக்கப்பட வேண்டும்.