தோள்பட்டை அடிக்கடி நழுவுகிறதா? அறுவைச் சிகிச்சை எப்போது தேவை?

ஈசூனில் விளையாட்டு. பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுகிறீர்கள், தோள்பட்டை நழுவிவிடுகிறது. பக்கத்தில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மூட்டைப் பழைய இடத்தில் பொருத்துகின்றனர்.

"அதான் உள்ளே போயிடுச்சே... அடுத்த வாரம் ஆடலாமா?"

அவசரப்பட வேண்டாம். இளையர்களுக்கு முதல்முறை நழுவிய தோள் மீண்டும் நழுவும் சாத்தியம் அதிகம்.

ஏன் மீண்டும் நழுவுகிறது?

தோளின் குழி ஆழமற்றது. அதைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்புதான் மூட்டை நிலையாக வைத்திருக்க உதவுகிறது. தோள் முன்பக்கமாக நழுவும்போது அந்த விளிம்பு கிழியக்கூடும். ஒவ்வொரு முறை நழுவும்போதும் எலும்பும் சேதமடையலாம்.

அறுவைச் சிகிச்சை எல்லாருக்கும் தேவையா?

இல்லை. சிலருக்குத் தசைகளை வலுப்படுத்தும் இயன்மருத்துவமே போதும். வயது, விளையாட்டு, எத்தனை முறை நழுவியது, எலும்புச் சேதம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். ரக்பி, கபடி போன்ற மோதல் விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கு ஆபத்து அதிகம்.

என்னென்ன முறைகள்?

• பேங்கார்ட் முறை: சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தி, கிழிந்த விளிம்பை எலும்போடு தைப்பார்கள்.

• லட்டார்ஜே முறை: குழியின் எலும்பு அதிகம் சேதமடைந்திருந்தால், தோள்பட்டையின் முன்பக்கத்திலிருந்து சிறு எலும்புத் துண்டை எடுத்து அங்கே திருகாணியால் பொருத்துவார்கள். 1954இல் பிரெஞ்சு மருத்துவர் லட்டார்ஜே அறிமுகப்படுத்தியது.

எலும்புச் சேதத்தைக் கவனிக்காமல் விளிம்பை மட்டும் தைத்தால் தோள் மறுபடியும் நழுவலாம். அதனால்தான் எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் முக்கியம்.

எப்போது திரும்ப ஆடலாம்?

முதல் சில வாரங்கள் கையைத் தொங்கு கட்டில் வைத்திருக்கவேண்டும். பிறகு இயன்மருத்துவம். மோதல் விளையாட்டுகளுக்குத் திரும்பப் பெரும்பாலும் சுமார் 6 மாதம் ஆகும்.

இந்தியக் கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இடது தோளில் காயம். ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை. ஐபிஎல் தொடரின் முதல் பாதி போய்விட்டது. செப்டம்பரில் திரும்பினார். நவம்பரில், தமது முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்தார்.

ஒரு பருவம் கைநழுவலாம். தோள் நழுவாமல் இருந்தால் பல பருவங்கள் ஆடலாம்.

நினைவில் கொள்க: நழுவிய தோளை நீங்களோ நண்பர்களோ இழுத்துப் பொருத்த வேண்டாம். நரம்பு பாதிக்கப்படலாம்.