கலங்கல் ஓட்டங்களும் ஆழ்கடல் படிவுகளும்

1929 நவம்பர் 18 மாலை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் எனப்படும் கடல்மேட்டின் விளிம்பில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை புரின் தீபகற்பத்தின் மீனவ ஊர்களைத் தாக்கியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அட்லாண்டிக் கடலடியில் கிடந்த 12 தந்தி வடங்களும் அறுந்தன. நடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே அறுந்ததில் வியப்பில்லை. ஆனால் சரிவுக்குக் கீழே, ஆழத்தில் கிடந்த வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசி வடம் அறுந்தபோது நிலம் அதிர்ந்து 13 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி நின்ற நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகியிருந்தும், அந்த வரிசைக்கு ஏற்கப்பட்ட விளக்கம் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஆழ்கடல் அசைவற்றது, மேலிருந்து நுண்சேறு மட்டுமே அங்கு மெல்ல இறங்கும் என்பதே அக்காலத்தில் பரவலாக இருந்த எண்ணம். மாற்றுச் சிந்தனை முதலில் ஓர் ஏரியிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் ஃபோரல், ஜெனீவா ஏரிக்குள் நுழையும் ரோன் ஆற்றின் குளிர்ந்த, கலங்கிய நீர் அடியில் மூழ்கி ஓடுவதை 1880களில் விளக்கினார். 1936இல் டேலி, கடலடிப் பள்ளத்தாக்குகளைச் செதுக்கியவை இத்தகைய கனத்த சேற்றோட்டங்களாக இருக்கலாம் என்றார். நெதர்லாந்தின் கியூனென் அதைத் தொட்டிகளில் சோதித்துப் பார்த்தார். சேறும் மணலும் கலந்த நீரைத் தெளிந்த நீருக்குள் விட்டபோது, அது கலைந்துவிடாமல் தரையை ஒட்டிச் சரிவில் பாய்ந்தது. 1950இல் அவரும் இத்தாலியின் மிலியோரினியும், அடியில் பருமணலும் மேலே நுண்மணலுமாக அடுங்கும் பாறைப் படுகைகள் இத்தகைய ஓட்டங்களால் உண்டானவை என்று எழுதினர். நிலவியலில் ஒரு தலைமுறையின் பார்வையை மாற்றிய கட்டுரை அது.

1952இல் ஹீசனும் யூவிங்கும் 1929ஆம் ஆண்டின் வடங்களுக்குத் திரும்பினர். நடுக்கத்தில் சரிந்த சேறு நீருடன் கலந்து கலங்கல் ஓட்டமாகி, வழியில் கிடந்த வடங்களை வரிசையாக அறுத்தது என்று காட்டினர். செங்குத்தான பகுதியில் மணிக்கு சுமார் 100 கி.மீ. என அவர்கள் கணித்த வேகத்தைப் பின்வந்தோர் குறைத்தனர். ஆனால் அடிப்படை விளக்கம் நிலைத்துவிட்டது.

இந்த ஓட்டத்தை நடத்துவது புவியீர்ப்பு. மிதக்கும் மணலும் சேறும் கலவையைச் சுற்றியுள்ள நீரைவிடக் கனமாக்குகின்றன; கனம் சரிவில் இழுக்கிறது; ஓட்டத்தின் கொந்தளிப்பு துகள்களைப் படியவிடாமல் தாங்குகிறது. சரிவு குறைந்து வேகம் தணியும்போது பருமணல் முதலில் விழும், சேறு கடைசியில் படியும். இப்படி உருவாகும் அடுக்கு டர்பிடைட் எனப்படும். அதன் ஐந்து உட்பிரிவுகளை பௌமா 1962இல் வரையறுத்தார். ஐந்தும் ஒருங்கே அமைந்த படுகையைக் காண்பது அரிது என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆற்று வெள்ளம் நேராக இப்படி மூழ்குமா? எளிதில் இல்லை. கடல்நீரின் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ. நன்னீர் அதைவிடக் கனக்க, கன மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ வண்டல் சுமக்க வேண்டும். பேராறுகள் இந்த அளவை எட்டுவது அரிது. தைவானின் குறுகிய மலையாறுகள் புயல் வெள்ளத்தில் எட்டிவிடும். 2009இல் மொராகோட் சூறாவளிக்குப் பின் அங்கே கடலடி வடங்கள் அறுந்தன.

காங்கோ ஆறு வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. அதன் நீரில் வண்டல் குறைவு. ஆனால் கடலடிப் பள்ளத்தாக்கின் தலை கழிமுகத்துக்கு உள்ளேயே நீண்டிருப்பதால், வெள்ளம் கொண்டுவரும் மணல் அங்கேயே குவிகிறது. 2019 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. குவியல் உடனே சரியவில்லை. சுமார் இரண்டு வாரங்கள் கழித்து, 2020 ஜனவரி நடுவில், பெரிய ஏற்றவற்றக் காலத்தில் சரிந்தது. அந்த ஓட்டம் 1,100 கி.மீ.க்கு மேல் சென்றது. போகும் வழியில் பள்ளத்தாக்கின் தரையை அரித்துத் தன்னைப் பெருக்கிக்கொண்டு வேகம் கூட்டியது. ஜனவரி 16 அன்று அது இரு இணைய வடங்களை அறுத்ததால், ஆப்பிரிக்காவின் மேற்கிலும் தெற்கிலும் பல நாடுகளில் இணையம் மந்தமானது.

இத்தகைய ஓட்டங்கள் நெடுங்காலம் திரும்பத் திரும்ப வந்தால் என்ன சேரும் என்பதை வங்காள விரிகுடாவில் காணலாம். கங்கையும் பிரம்மபுத்திராவும் இறக்கும் வண்டலின் ஒரு பகுதி, கழிமுகத்துக்கு எதிரே உள்ள கடலடிப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே போகிறது. அங்கு படிந்த வங்காள விசிறி ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளமானது, உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி அதுவே. அது இலங்கைக்குக் கிழக்கே கடந்து நிலநடுக்கோட்டுக்கு அப்பாலும் செல்கிறது. 2015இல் இலங்கைக்குக் கிழக்கே, வட அகலாங்கு 8 பாகையை ஒட்டிப் பன்னாட்டுத் துளைப்புக் கப்பலொன்று எடுத்த மண்ணுருளைகளில், இமயமலையிலிருந்து அரிந்து வந்த மணலும் சேறும் அடுக்கடுக்காக இருந்தன.